துரையின் வேகப் படகு

எனக்கு நீச்சல் தெரியாது. மெர்போக் ஆற்றை ஒட்டிய தோட்டத்தில் பிறந்து வளர்ந்தும், இருபத்திரண்டு வயதுவரை கணுக்காலுக்கு மேல் நான் ஆற்றில் இறங்கியதில்லை. எங்கள் பக்கத்தில் அந்த ஆறு அக்கரை மங்கலாகத் தெரியும் அளவுக்கு அகன்று கிடக்கும். அதில் முதலை இருக்கிறது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வேகப் படகில், உயிர் போய்க்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு, செமிலிங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிவரை போனேன். மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நேரம்; வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்தார்கள். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வாசலில் காவல் வைத்திருந்தார்கள். ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகிறவர்கள் ஒரு கைப்பிடிச் சோறு எடுத்துப் போனாலும் பிடித்துக்கொள்வார்கள். அது காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போகிறது என்பார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் ஆயா வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டிலும் ஒரு மருந்தறையும்தான். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் எல்லாமே டிரெஸர் ஐயாதான். காயத்துக்குக் கட்டுப்போட, ஊசி போட, பிரசவம் பார்க்க எல்லாம் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். கைகள் தடுமாறினால் திட்டமாட்டார். மறுபடி செய் என்பார், அவ்வளவுதான்.

அன்றைக்கு விடியற்காலையில் எங்கள் லயத்துப் பெண் ஒருத்திக்குப் பெண்குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம். பத்தொன்பது வயது. குழந்தை நன்றாக இருந்தது. தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. டிரெஸர் ஐயா ஊசி போட்டார். கொஞ்சம் நின்றது, பிறகு மெல்ல மெல்லக் கசிய ஆரம்பித்தது. சுங்கைப் பட்டாணி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அவர் லாரிக்கு ஆள் அனுப்பிய நேரத்தில்தான், காயம்பட்ட இரண்டு காவல்காரர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காட்டுக்காரர்கள் பெரிய சாலையில் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, அவற்றை அப்புறப்படுத்த வந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு வயிற்றில் குண்டு. டெலிபோன் கம்பியும் அறுந்து கிடந்தது. லாரி போக வழியில்லை. டிரெஸர் ஐயாவும் அந்த இரண்டு பேரை விட்டு நகர முடியாது.

துரை பினாங்குக்குப் போயிருந்தார். அவருடைய படகு தோட்டத்துப் படகுத்துறையில் கட்டிக்கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்றத் தோட்டத்துத் துரைகளோடும் அவர்களுடைய மனைவிமார்களோடும் அதில் ஆற்றில் பறப்பார். மெலிந்த, நீளமான மரப்படகு. பளபளவென்று மெருகு பூசியிருக்கும். பின்னால் இரண்டு இன்ஜின். அது கிளம்பினால் சத்தம் லயம்வரை கேட்கும்.

படகை ஓட்டியவர் நாகூர்ப் பக்கத்து மனிதர். ஐம்பது வயதிருக்கும். பினாங்குத் துறைமுகத்தில் படகோட்டிப் பழகியவர். எல்லோரும் அவரை பாய் என்று கூப்பிடுவோம். டிரெஸர் ஐயா அவரிடம் போய்க் கேட்டபோது நானும் கூட நின்றேன். துரையின் அனுமதி இல்லாமல் படகை எடுத்தால் வேலை போய்விடும் என்று பாய் சொன்னார். படகுக்கான போலீஸ் பாஸ் துரையின் அலுவலகத்தில் பூட்டிக்கிடக்கிறது என்றார். அதையெல்லாம் சொல்லிக்கொண்டே இன்ஜின் மூடியைக் கழற்றிவிட்டார்.

கடல் உள்வாங்கி ஆற்றில் தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது, சுங்கைப் பட்டாணிக்குப் போகும் கிளையாறு இன்னும் ஒரு மணி நேரத்தில் வெறும் சேறாகிவிடும், அதற்குள் போயாக வேண்டும் என்றார். அதனால் பாரம் கூடாது. அந்தப் பெண்ணின் புருஷன் தானும் வருவேன் என்று பாயின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். குழந்தையோடு இருக்கச் சொல்லி பாய் தலையசைத்து மறுத்துவிட்டார். ஒரு கதவுப் பலகையில் அவளைப் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிவந்தார்கள். டிரெஸர் ஐயா தன்னுடைய மருந்துப் பையை அப்படியே என் கையில் கொடுத்தார். பெரியாஸ்பத்திரி டாக்டருக்கு எழுதிய சீட்டைத் தனியாகத் தந்தார். ரத்தம் மறுபடி அதிகமானால் பையில் இருக்கும் இரண்டு ஊசிமருந்தில் ஒன்றைப் போடச் சொன்னார். அதற்குமேல் வழியனுப்பக்கூட அவருக்கு நேரமில்லை. திரும்பி ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினார்.

படகின் தரைப்பலகையில் அவளைக் கிடத்தி, கால்களைச் சாக்குமூட்டையின்மேல் உயர்த்திவைத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பை என் தொடைக்கு அடியில். பாய் கயிற்றை அவிழ்த்தார். கொஞ்ச தூரம் மெதுவாகத்தான் போனோம். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்தேன். அடுத்த நொடி படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழும்பியது. என் முதுகை யாரோ பின்னுக்கு இழுத்த மாதிரி இருந்தது. பிறகு மூக்கு தாழ்ந்து, படகு தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓட ஆரம்பித்தது. தண்ணீர் இவ்வளவு கெட்டியானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அலையிலும் கல்லில் மோதுவதுபோல அடி விழுந்தது. நான் அவள்மேல் குனிந்து, ஒரு கையால் பலகையையும் ஒரு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடினால் இன்னும் பயமாக இருந்தது. திறந்தேன்.

எங்கும் வெளிச்சம். ஒரு பக்கம் ஜெராய் மலை தலையில் மேகத்தோடு நீலமாக நின்றது. ஆறு வெயிலில் தகடுமாதிரி மின்னியது. செம்பருந்துகள் தாழப் பறந்து மீனைக் கொத்திக்கொண்டு போயின. இதைப் பார்க்கத்தான் வெள்ளைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று புரிந்தது. அத்தனை அழகும் எனக்கு ஒரு பொறி மாதிரித் தெரிந்தது. அந்த அகலமான தண்ணீரில் நாங்கள் மூன்று பேரும் எந்தப் பக்கத்திலிருந்தும் நன்றாகத் தெரிவோம். அதுவும் துரையின் படகில். காட்டில் இருப்பவர்கள் துரையின் காரை இரண்டு முறை சுட்டிருக்கிறார்கள். படகில் துரை இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஆறு வளைந்து குறுகிய இடத்தில் பாய் கரையோரமாகப் போக வேண்டியிருந்தது. நடு ஆற்றில் மீன் பிடிக்க நட்ட கம்புகள் வரிசையாக நின்றன. தண்ணீருக்கு அடியில் முறிந்து கிடக்கும் கம்பில் மோதினால் படகின் வயிறு கிழிந்துவிடும் என்றார். கரையோரத்தில் பாக்காவ் மரங்கள். நூறு கால் முளைத்தவை மாதிரி வேர்களை ஊன்றிச் சேற்றில் நிற்கும் மரங்கள் அவை. வேர்களுக்கு உள்ளே இருட்டு. திடீரென்று எங்களுக்கு முன்னால் இருந்த மரங்களிலிருந்து கொக்குகள் மொத்தமாக எழும்பின. எங்கள் சத்தத்துக்கு அவை எழும்பியிருக்கலாம். ஆனால் பாய் சட்டென்று குனிந்து, தலையைத் தோள்களுக்குள் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் நானும் அவள்மேல் கவிழ்ந்தேன்.

அந்த மரங்களைத் தாண்டும்போது வேர்களுக்கு நடுவில் ஒரு ஆளைப் பார்த்தேன். தொடைவரை தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். சட்டை இல்லை. கையில் என்ன இருந்தது என்று தெரியவில்லை. எங்களையே பார்த்தான். கையை அசைக்கவுமில்லை, ஒளியவுமில்லை. அவன் கண்ணும் என் கண்ணும் சந்தித்ததாக நினைக்கிறேன். அவ்வளவு வேகத்தில் அது நடந்திருக்குமா என்றும் தெரியவில்லை. கரிச்சூளைக்கு மரம் வெட்டுகிறவனாக இருக்கலாம். நண்டு பிடிக்கிறவனாக இருக்கலாம். குண்டு வரும் வரும் என்று என் முதுகு காத்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. ஆறு மறுபடி அகன்றது.

அப்போதுதான் பாய் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, அடுத்த வளைவில் போலீஸ் காவல்நிலை இருக்கிறது என்றார். நிற்காமல் போகிற படகைச் சுட அவர்களுக்கு உத்தரவு உண்டு. நிற்கத்தான் வேண்டும். பாஸ் இல்லாததற்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். பிறகு என் பக்கம் பார்த்தார்.

"பையில என்ன இருக்கு தங்கச்சி?"

சொன்னேன். பெனிசிலின், கட்டுத்துணி, வலிக்கு மருந்து, ஊசிகள், ரத்தம் நிற்கப் போடும் மருந்து.

"கொண்டுபோகலாம்னு போலீஸ் பேப்பர் இருக்கா?"

இல்லை. டிரெஸர் ஐயாவுக்கும் அந்த அவசரத்தில் அது தோன்றவில்லை. மருந்தும் கட்டுத்துணியும் அனுமதி இல்லாமல் கொண்டுபோகிறவர்களைக் காட்டுக்காரர்களுக்கு உதவுகிறவர்கள் என்று பிடிப்பார்கள். எங்கள் ஊர்ச் சீனக் கடைக்காரர் ஒருவரை இரண்டு சுருள் கட்டுத்துணிக்காகப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி தினமும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பெனிசிலினோடு பிடிபட்டால் தூக்கு என்று லயத்தில் பேசிக்கொள்வார்கள். உண்மையா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் நம்பினோம்.

பாய் என்னை எறியச் சொல்லவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவர் முன்னால் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். வளைவு நெருங்கியது. பையை எடுத்தேன். பின்பக்கமாகத் தண்ணீரில் வீசினேன்.

திறந்து அந்த இரண்டு ஊசிமருந்தை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அதற்கு நேரம் இருந்தது. அந்த எண்ணமே எனக்கு வரவில்லை. பை உடனே முழுகவும் இல்லை. மேலே வரைந்திருந்த சிவப்புச் சிலுவை வெயிலில் தெரிய, எங்கள் படகு கிளப்பிய நுரையில் ஆடி ஆடி, கடல் பக்கம் இழுக்கும் தண்ணீரோடு பின்னால் போயிற்று. முழுகு, முழுகு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் கண் மூடிக் கிடந்தாள். பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது.

காவல்நிலை, தண்ணீருக்குள் கால் ஊன்றிய ஒரு மரக்குடிசை. மணல்மூட்டைகளுக்கு மேல் ஒரு இயந்திரத் துப்பாக்கியின் வாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பாய் இன்ஜினை நிறுத்திவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். சத்தம் நின்றதும் என் மூச்சு எனக்கே கேட்டது. ஒரு இளம் மலாய்க் காவலர் படியில் இறங்கிவந்து, துப்பாக்கியை நீட்டியபடி படகுக்குள் எட்டிப் பார்த்தார். படகின் அடியில் தேங்கியிருந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. அவர் முகம் மாறியது. பாய் மலாயில் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காவலர் முழுதாகக் கேட்கவில்லை. பாஸ் கேட்கவில்லை. என் அடையாளக் கார்டைக் கேட்கவில்லை.

"பெர்கி, பெர்கி. லெகாஸ்," என்று கையை வீசினார். போ, சீக்கிரம்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அங்கிருந்து கிளம்பியபோது படகு மறுபடி குலுங்கியதிலோ என்னவோ, அவளுக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்தது. கசிவு அல்ல. நான் வைத்திருந்த துணிகள் எல்லாம் நனைந்து, என் பாவாடையின் கீழ்ப்பகுதியும் நனைந்துவிட்டது. அவள் உதடு சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, அந்த ஊசியப் போடுங்க. ஐயா சொன்னாரே."

இன்ஜின் சத்தத்திலும் அது எனக்கு நன்றாகக் கேட்டது. என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு பயத்தை நான் அனுபவித்ததில்லை. முதலைக்கும் குண்டுக்கும் பயந்தபோது என் உயிருக்காகப் பயந்தேன். இது வேறு. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. போடுகிறேன் என்று பொய் சொல்லவும் முடியவில்லை. அவள் வயிற்றில் கையை வைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை கல் மாதிரி இறுக வேண்டும், இறுகாவிட்டால் கையால் அழுத்திப் பிசைய வேண்டும் என்று டிரெஸர் ஐயா சொல்லித்தந்திருந்தார். மாவுபோலக் குழைந்து கிடந்தது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் அழுத்திப் பிசைந்தேன். அவள் வலியில் அலறினாள். நிறுத்தவில்லை. கொஞ்சம் இறுகும், கையை எடுத்தால் மறுபடி தளரும். அதனால் கையை எடுக்கவே இல்லை. பிடித்துக்கொள்ள எனக்குக் கை இல்லாமல், படகு தூக்கிப்போடும்போதெல்லாம் பக்கவாட்டில் போய் மோதினேன். விழுந்தால் தண்ணீரில் போவேன் என்பதுகூட அப்போது நினைவில்லை.

குலுங்காமல் மெதுவாகப் போகட்டுமா என்று பாய் கேட்டார்.

"வேகமா போங்க பாய். இன்னும் வேகமா போங்க."

கிளையாற்றுக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் நீப்பா பனையின் மட்டைகள் தலையில் அடிக்கும் அளவுக்குக் குறுகிய வழி. தண்ணீர் இறங்கி, கரையில் ஆள் உயரத்துக்குச் சேறு தெரிந்தது. பாய் அந்த வேகத்திலேயே வளைவுகளில் படகைச் சாய்த்துத் திருப்பினார். ஒரு இடத்தில் அடிப்பலகை தரையில் உரசி, படகு முனகிக்கொண்டு நின்றுவிட்டது. பாய் இன்ஜின்களைத் தூக்கிக் கட்டிவிட்டு, சேற்றில் குதித்தார். இடுப்புவரை புதைந்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. என் கையை எடுத்துவிட்டு நானும் இறங்கித் தள்ளட்டுமா என்று கேட்டேன். கையை எடுக்காதே என்றார். அல்லாவைக் கூப்பிட்டுக்கொண்டு மறுபடி தள்ளினார். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ படகு வழுக்கி ஆழத்துக்குப் போயிற்று. அவர் அதைப் பிடித்து ஏறியபோது, கால் நகங்கள் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ஊருக்குப் பின்னால் இருந்த மரத்துறையில் அரிசிமூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மளிகைக் கடைக்காரரின் வேன் நின்றது. பாய் ஓடிப்போய் அவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். மூட்டைகளைக் கீழே தள்ளிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ்கள் அவளை வாங்கிக்கொள்ளும்வரை என் கைகள் அவள் வயிற்றில்தான் இருந்தன. விரல்களை மடக்கமுடியாமல் வெகுநேரம் அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பிழைத்தாள். ஆனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். வழியில் அந்த ஊசியைப் போட்டிருந்தால் எடுக்காமல் விட்டிருக்கலாமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு நாள் வராந்தாவில் காத்திருந்தேன். டாக்டர் என்னைத் தாண்டி எத்தனையோ முறை போனார். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாலை திறந்தபிறகு லாரியில் தோட்டத்துக்குத் திரும்பினேன். டிரெஸர் ஐயா பையைக் கேட்டார். படகு துள்ளியபோது ஆற்றில் விழுந்துவிட்டது என்று சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சரி என்றார். தோட்டத்து அலுவலகத்துக்கும் அப்படியே எழுதிக்கொடுத்தார்.

பத்து நாள் கழித்துப் போலீஸ் வந்தது. பை கடல் பக்கம் பாக்காவ் வேர்களில் சிக்கிக் கிடந்திருக்கிறது. காட்டுக்காரர்கள் வந்து எடுத்துப்போவதற்காக யாரோ கொண்டுவந்து வைத்தது என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பையில் தோட்டத்தின் பெயர் இருந்தது. டிரெஸர் ஐயாவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் வேட்டியை மாற்றிக்கொள்ளக்கூட விடவில்லை. ஏறும்போது என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

உள்ளதைச் சொன்னால் என்னையும் பிடித்துவைப்பார்கள். சொல்லாவிட்டால் அவர் திரும்பமாட்டார். மறுநாள் காலையில் பாயிடம் போனேன். துரை அவரை வேலையைவிட்டு எடுக்கவில்லை, ஆனால் படகுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நடந்ததைப் போலீஸில் சொல்லப்போவதாக நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பாய் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினார்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளை உடுப்பு, தங்கப் பிரேம் மூக்குக்கண்ணாடி. மேசைமேல் அந்தப் பை, சேறு காய்ந்து வெளுத்துக் கிடந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரங்களுக்கு நடுவில் பார்த்த ஆளைமட்டும் சொல்லவில்லை. அதிகாரி ஏதோ கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர் என்னிடம் திரும்பினார்.

"நீர் ஆருக்குப் பயந்து எறிஞ்சனீர் எண்டு கேக்கிறார்."

"உங்களுக்குத்தான்," என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவான குரலில் இங்கிலீஷில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதைத்தான் சொன்னாரோ, வேறு ஏதாவது மாற்றிச் சொன்னாரோ. அதிகாரி பையைத் திறந்து பார்த்தார். பெனிசிலின் புட்டிகளின் மூடி திறக்கப்படவே இல்லை. அந்த இரண்டு ஊசிமருந்தும் தகரப்பெட்டிக்குள் உடையாமல் இருந்தன. பாயைத் தனியாக அழைத்துப்போய் விசாரித்தார்கள். எங்களைச் சாயங்காலம்வரை உட்காரவைத்து, இரண்டு காகிதத்தில் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

டிரெஸர் ஐயா ஐந்தாம் நாள் திரும்பினார். இளைத்துப்போயிருந்தார். அவர் காலில் விழப்போனேன், தடுத்துவிட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார். அந்த வருடமே அவரைக் கரங்கான் பக்கத்துத் தோட்டத்துக்கு மாற்றினார்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் உண்மையைச் சொல்ல ஏழெட்டு மாதம் ஆயிற்று. தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் இரண்டு பேரும் தனியாக இருந்த ஒரு நாள் சொல்லிவிட்டேன். ஊசி இருந்தது, நான்தான் எறிந்தேன் என்றேன். அவள் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. லயத்தில் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஒரு மழைநாள் மத்தியானம், காய்ச்சலில் இழுப்பு வந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தாள். புது டிரெஸர் வெளியே போயிருந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்தாள்.